குமிழி சொல்லும் சேதி

டியூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றி நாங்கள் என்ன சொன்னாலும், எங்கள் மூத்த சிஸ்டர் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்பார். எந்தப் பக்கம்? எவ்வளவு எடுத்திருக்காங்க? இன்னிக்கு எத்தனாவது நாள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் பி.பி., பல்ஸ், சாச்சுரேஷன் என்று எண்களை மட்டும் அடுக்கினால் அவர் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். நுரையீரல் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு வரக்கூடிய ஆபத்துகள் ஏராளம். ஆனால், அவை கண்மூடித்தனமாக வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உண்டு, ஓர் அளவு உண்டு, ஒரு நாள் உண்டு. நெஞ்சக அறுவை வார்டில் நர்ஸ் தொழிலைக் கற்பதென்றால் அந்தக் கணக்கைக் கற்பதுதான் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

பொது அறுவை வார்டில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவுக்கு நான் மாற்றலாகி வந்தேன். குடல்வால், குடலிறக்கம், பித்தப்பை எல்லாம் பார்த்த கைதான். அங்கே காயம் ஆறுகிறதா, குடல் அசைகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். நெஞ்சில் நிலைமை வேறு. அறுத்துத் தைத்த உறுப்புக்கு ஒரு நிமிடம்கூட ஓய்வு கொடுக்க முடியாது. தையல் போட்ட அடுத்த மூச்சிலேயே அது விரிந்து சுருங்கியாக வேண்டும். ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் அசையும் உறுப்பில்தான் புண் ஆற வேண்டியிருக்கிறது.

எங்களிடம் வருபவர்களில் புற்றுநோயாளிகள் ஒரு பகுதிதான். பழைய காசநோயின் மிச்சத்தோடு வருபவர்கள் நிறைய. மருந்தில் காசநோய் குணமாகியிருக்கும். அது நுரையீரலில் குடைந்த பொந்து மட்டும் அப்படியே இருக்கும். அதற்குள் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை உருண்டு திரண்டு வளரும். அருகிலுள்ள ரத்தக்குழாய் அரிக்கப்பட்டு, இருமும்போதெல்லாம் டம்ளர் கணக்கில் ரத்தம் வரும். இப்படிப்பட்டவர்களுக்கு நுரையீரல் விலாச் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். வேர்ப்பகுதியில் நிணநீர் முடிச்சுகள் சுண்ணாம்பேறிக் கல்லாகி, பெரிய ரத்தக்குழாய்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரிக்கும் இடமெல்லாம் ரத்தம் கசியும், காற்றும் கசியும். கேஸ் ஷீட்டில் 'வலது மேல் மடல் நீக்கம்' என்று ஒரே பெயர் இருந்தாலும், சிறிய கட்டிக்காக அதைச் செய்துகொண்டவருக்கும் காசநோய்ப் பொந்துக்காகச் செய்துகொண்டவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. இதையும் சேர்த்துத்தான் ஹேண்டோவரில் எழுத வேண்டும் என்று சிஸ்டர் வற்புறுத்துவார்.

பாட்டிலைப் படிப்பது

முதல் பாடம், கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டில். நுரையீரல் விரிந்து நிற்பதற்குக் காரணம், அதைச் சுற்றியுள்ள இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருப்பது. நெஞ்சைத் திறந்ததும் அந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. மூடும்போது விலாவிடுக்கு வழியாக ஒரு குழாயை உள்ளே விட்டு, அதன் மறுமுனையைத் தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் அமிழ்த்தி வைப்பார்கள். நாங்கள் ஐ.சி.டி. என்று சொல்வது இதைத்தான். உள்ளேயிருக்கும் காற்றும் ரத்தமும் வெளியேறலாம். வெளிக்காற்று உள்ளே போக முடியாது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் கோத்ஹார்ட் பூலாவ் இந்த முறையைப் பற்றி 1891இல் எழுதினார். இன்று பிளாஸ்டிக் பெட்டியும் டிஜிட்டல் கருவியும் வந்துவிட்டன, தத்துவம் மாறவில்லை.

இந்தக் குழாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒரு வரலாற்றின் வழியாகச் சொன்னார். 1912இல் லண்டனில் ஹியூ மோரிஸ்டன் டேவிஸ் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் வந்த நுரையீரல் மடலை, அதன் ரத்தக்குழாய்களையும் மூச்சுக்குழாயையும் தனித்தனியாகப் பிரித்துக் கட்டி எடுத்தார். இன்றைய முறைக்கு அதுதான் முன்னோடி. அறுவை நன்றாகவே நடந்தது. நோயாளி எட்டாம் நாள் நெஞ்சுக்கூட்டில் சீழ் பிடித்து இறந்துபோனார். அவருக்கு வடிகுழாய் வைக்கப்படவில்லை. மேஜையில் கைவேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதற்குப் பிந்தைய நாட்களைப் பார்த்துக்கொள்ளத் தெரியாவிட்டால் உயிர் நிற்காது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

பாட்டிலில் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார் சிஸ்டர். முதலாவது அசைவு. மூச்சை இழுக்கும்போது குழாயில் தண்ணீர் ஏறும், விடும்போது இறங்கும். அசைந்தால் குழாய் திறந்திருக்கிறது. அசைவு நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று: நுரையீரல் முழுதாக விரிந்து குழாயைத் தொட்டுவிட்டது, அல்லது குழாய் அடைத்துக்கொண்டது. முதலாவது நல்ல செய்தி, இரண்டாவது கெட்ட செய்தி. எது என்று பாட்டில் சொல்லாது. நோயாளியின் முகமும் மூச்சும் எக்ஸ்ரேயும்தான் சொல்லும்.

இரண்டாவது குமிழி. பஞ்சர் கடைக்காரர் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதைப் போல, நெஞ்சை மூடுவதற்கு முன் டாக்டர்கள் உள்ளே உப்புநீர் ஊற்றி நுரையீரலை ஊதவைத்துக் கசிவு தேடுவார்கள். பெரிய கசிவுகளை அங்கேயே தைத்துவிடுவார்கள். சின்னச் சின்னக் கசிவுகள் மிஞ்சும். அவை பாட்டிலில் தெரியும். "இருமச் சொல்லு. அப்போ மட்டும் குமிழி வருதா? பேசும்போதும் வருதா? சும்மா மூச்சு விடும்போதே வருதா? அதை எழுது. 'குமிழி இருக்கு'ன்னு மட்டும் எழுதினா அது யாருக்கும் உதவாது" என்பார் சிஸ்டர். நேற்று பேசும்போதும் வந்தது, இன்று இருமினால்தான் வருகிறது என்றால் கசிவு அடைந்துகொண்டு வருகிறது.

மூன்றாவது, வடியும் நீரின் நிறமும் அளவும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவற்றோடு மீறக்கூடாத விதி ஒன்று. குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயைக் கிளாம்ப் போட்டு அடைக்கக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கப் போகிறோம், ஸ்ட்ரெச்சரில் பாட்டில் சாய்ந்துவிடும் என்ற நல்ல எண்ணத்தில் சிலர் அடைப்பதுண்டு. கசியும் காற்று வெளியேற வழியின்றி நெஞ்சுக்குள் சேரும், நுரையீரலை நசுக்கும், இதயத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். ரத்தம் இதயத்துக்குத் திரும்ப முடியாமல் நிமிடங்களில் உயிர் போகலாம். பாட்டிலை எப்போதும் நெஞ்சுக்குக் கீழே பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் வார்டு ஊழியருக்கும், கூட நிற்கும் அட்டெண்டருக்கும் இதை ஒவ்வொரு முறையும் சொல்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

முதல் இரவு

முதல் இரவின் கேள்வி ரத்தம். விலா எலும்புகளின் ஓரத்தில் ஓடும் குழாய்களிலிருந்து கசியலாம். ஒட்டியிருந்ததைப் பிரித்த இடத்திலிருந்து கசியலாம். அரிதாக, நுரையீரல் ரத்தக்குழாயில் போட்ட கட்டோ ஸ்டேப்லர் வரிசையோ விட்டுப்போகலாம். மணிக்கு 200 மில்லி என்ற கணக்கில் தொடர்ந்து சில மணி நேரம் வந்தால் மீண்டும் தியேட்டருக்குக் கொண்டுபோவது பற்றி டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். அதற்காக மணிக்கொருமுறை பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டிக் கோடு போட்டு நேரம் எழுதுவோம்.

கோடு போடுவதைவிட முக்கியமானதைச் சிஸ்டர் பிறகு கற்றுக்கொடுத்தார். நன்றாக வடிந்துகொண்டிருந்த ரத்தம் சட்டென்று நின்றால் நிம்மதியடையக் கூடாது. ரத்தம் கட்டி குழாயை அடைத்திருக்கலாம். கசிவு உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் பாட்டிலை விட்டுவிட்டு நோயாளியைத் தொட வேண்டும். பாதம் சில்லென்றிருக்கிறதா, பல்ஸ் ஏறுகிறதா, சிறுநீர் குறைகிறதா, காரணமில்லாமல் படபடப்பாக இருக்கிறாரா? இளைஞர்களுக்கு நிறைய ரத்தம் போகும் வரை பி.பி. விழாமல் தாக்குப்பிடிக்கும். பி.பி. விழுந்தபின் டாக்டரைக் கூப்பிடுவது தாமதம் என்று அவர் சொன்னது இன்றும் என் வேலையை நடத்துகிறது.

வலியும் சளியும்

இரண்டாம் நாளிலிருந்து கதை மாறும். நெஞ்சைத் திறக்கும் அறுவையில் விலா எலும்புகளை விரித்துப் பிடிப்பார்கள். அவற்றின் அடியில் ஓடும் நரம்புகள் நசுங்கும். உடம்பில் செய்யப்படும் அறுவைகளில் மிக அதிகமாக வலிக்கக்கூடியவற்றில் இது ஒன்று. காமிரா வைத்துச் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் முறையில் வலி குறைவு, இல்லாமல் போவதில்லை. வலிக்கு பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். அடக்கிய இருமலின் சளி கீழே தேங்கும். தேங்கிய சளி மூச்சுக்குழாயை அடைக்கும். அதற்கப்பால் உள்ள நுரையீரல் பகுதி காற்றிழந்து சுருங்கும். அதில் கிருமி வளர்ந்தால் நிமோனியா. வலியில் தொடங்கி நிமோனியாவில் முடியும் இந்த வரிசையில் ஒரு நர்ஸ் தடுக்க முடியாத கட்டம் ஒன்றுகூட இல்லை. நெஞ்சக அறுவைக்குப் பின் நோயாளிகள் இறப்பதற்கான முக்கியக் காரணங்களில் நிமோனியா இருப்பதை நினைத்தால், இந்த வேலை எவ்வளவு பெரியது என்று புரியும்.

வலி மருந்து நோயாளி கேட்கும்போது கொடுப்பதல்ல, நேரத்துக்குக் கொடுப்பது. முதுகுத்தண்டின் அருகே எபிடியூரல் குழாய் இருந்தால் அது நழுவாமல் பார்க்க வேண்டும், பி.பி. இறங்குகிறதா, தூக்கம் அதிகமாகிறதா என்றும் பார்க்க வேண்டும். இருமும்போது தையல்மேல் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். மூன்று பந்து உள்ள ஸ்பைரோமீட்டர் எல்லாக் கட்டிலிலும் இருக்கும். முதல் பந்து எழ நொடிக்கு 600 மில்லி, இரண்டாவதற்கு 900, மூன்றாவதற்கு 1200 என்ற வேகத்தில் காற்றை உறிஞ்ச வேண்டும். ஆனால், வார்டில் எல்லோரும் அதை 'பந்து ஊதுறது' என்றே சொல்வார்கள். அதனால் நோயாளிகளும் ஊதுவார்கள். ஊதினால் பயனில்லை, உள்ளே இழுத்துப் பிடித்தால்தான் சுருங்கிய பகுதி விரியும். எங்கள் பிசியோதெரபிஸ்ட் மேடம் அதை அறுவைக்கு முந்தைய நாட்களிலேயே பழக்கிவிடுவார். நெஞ்சைத் திறந்த பிறகு புதிதாக எதையும் கற்றுக்கொள்ள நோயாளிக்குத் தெம்பு இருக்காது என்பார்.

பீடியை விட்டவருக்கும் விடாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த நாட்களில் கண்ணால் பார்க்கலாம். குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தியவருடைய சளி இளகி மேலே வரும். நிறுத்தாதவர் பிசின் சளியோடு போராடுவார்.

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை வரும் இன்னொரு விருந்தாளி ஏ.எஃப். என்று நாங்கள் சொல்லும் இதயத் துடிப்புக் கோளாறு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கத் தொடங்கும். ஒரு மடல் எடுத்தவர்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பேருக்கு வரலாம். ஒரு பக்கத்து நுரையீரலை முழுவதும் எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலும் மருந்தில் அடங்கும். ஆனால், சிஸ்டர் அதை ஒரு நோயாக மட்டும் பார்க்க விடமாட்டார். ஏன் இப்போது வந்தது? பொட்டாசியம் குறைந்ததா? ஆக்ஸிஜன் குறைந்ததா? உள்ளே கசிவோ தொற்றோ ஆரம்பிக்கிறதா? துடிப்பு மாறுவது சில சமயம் வேறொரு சிக்கலின் முதல் அறிவிப்பு. மணிக்கட்டில் விரல் வைத்துப் பல்ஸ் எண்ணும் பழக்கத்தை மானிட்டர் இருக்கும்போதும் விடக்கூடாது என்று நான் அங்கேதான் கற்றேன். மானிட்டர் வேகத்தைக் காட்டும். துடிப்பின் ஒழுங்கின்மை விரலுக்குப் புரியும்.

இதே நாட்களில்தான் காலில் ரத்தம் உறைந்து, நுரையீரலுக்கு ஏறி அடைக்கும் ஆபத்தும் இருக்கிறது. மீதமுள்ள நுரையீரலே குறைவாக இருக்கும்போது அதில் ஒரு பகுதி அடைபட்டால் தாங்காது. ஊசியும் காலுறையும் ஒரு பக்கம். பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நோயாளி வார்டுக்குள் நடப்பது அதைவிட நல்ல மருந்து. "தையல் பிரிஞ்சிடும்மா" என்று உறவினர்கள் தடுப்பார்கள். பிரியாது என்று சொல்லிவிட்டு, கூடவே நடந்து காட்ட வேண்டும்.

நிற்காத குமிழி, பால் நிற நீர்

ஐந்து நாள் கடந்தும் குமிழி நிற்காவிட்டால் அதை நீடித்த காற்றுக் கசிவு என்கிறார்கள். நுரையீரல் அறுவையில் மிகச் சாதாரணமாக வரும் சிக்கல் இதுதான். புகைபிடித்துப் பஞ்சாகிப்போன நுரையீரலில் தையலே நிற்காது. ஊசி போட்ட துளையிலிருந்தே கசியும். சிலருக்குக் காற்று தோலுக்கடியில் பரவி, கழுத்தும் கன்னமும் இமையும் உப்பிவிடும். தொட்டால் விரலுக்கடியில் நறநறக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் உப்பல் தானாக வற்றிவிடும். குழாய் அடைத்திருக்கிறதா, விலகியிருக்கிறதா என்பதே அப்போது தேட வேண்டியது.

பெரும்பாலான கசிவுகள் காத்திருந்தால் அடையும். காத்திருப்பதற்கும் விலை உண்டு. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. சிலருக்கு அவர்களுடைய சொந்த ரத்தத்தையே எடுத்துக் குழாய் வழியாக உள்ளே செலுத்தி, கசியும் இடத்தை ஒட்டவைப்பார்கள். சிலரைக் குழாயோடும் ஒரு சின்ன வால்வோடும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாராவாரம் வரச் சொல்வார்கள். சிலருக்கு மறு அறுவை தேவைப்படும். குழாயோடு வீட்டுக்குப் போகும் ஒருவரின் மனைவிக்கோ மகனுக்கோ அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அவர்கள் திரும்பச் செய்து காட்டும் வரை நான் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுப்பதில்லை.

நிறத்தின் பாடம் இங்கே வருகிறது. சிவப்பாக ஆரம்பிக்கும் நீர் நாளுக்கு நாள் வெளிறி, வைக்கோல் நிறமாக மாற வேண்டும். நன்றாக வெளிறிக்கொண்டிருந்தது நோயாளி சாப்பிடத் தொடங்கியதும் பால் நிறமானால், குடலில் உறிஞ்சிய கொழுப்பைச் சுமந்து மேலேறும் நெஞ்சு நிணக்குழாய் எங்கோ அடிபட்டிருக்கிறது. புற்றுநோய்க்காக நிணநீர் முடிச்சுகளைச் சுத்தமாக எடுக்கும்போது இது நேரலாம்; நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நேர்கிறது. பட்டினியாக இருக்கும்போது இது தெரியவே தெரியாது. பால் காபி குடித்த பிறகு தெரியும். ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல்கூடப் போகலாம். புரதமும் வெள்ளணுக்களும் அதோடு போய்விடும். உணவில் கொழுப்பை நிறுத்தியே பலருக்குச் சரியாகிவிடும். அடங்காவிட்டால் அந்த நிணக்குழாயைக் கட்ட வேண்டிவரும். அதனால் முதல் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டிலைத் தனியாக ஒருமுறை பார்க்கும் பழக்கம் எங்கள் வார்டில் உண்டு.

சீழ் நாற்றத்தோடு கலங்கலாக வந்தால் அது இன்னொரு பாதை. ஆன்டிபயாடிக், நல்ல வடிகால், தேவைப்பட்டால் மறு அறுவை.

ஒரு பக்கம் முழுதும் காலி

'எவ்வளவு எடுத்திருக்காங்க' என்ற கேள்விக்கு 'ஒரு பக்கம் முழுசா' என்று பதில் வந்தால் வார்டில் எல்லோருடைய நடையும் மாறிவிடும். தேர்ந்த மையங்களில் ஒரு மடல் எடுக்கும் அறுவையில் இறப்பு நூற்றில் ஒன்றிரண்டு. முழு நுரையீரலையும் எடுத்தால் நூற்றில் ஐந்து முதல் பத்து வரை போகிறது. அதனால்தான் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கிறார்கள்.

காலியான பக்கத்தில் விதிகளே வேறு. அங்கே குழாய் இருந்தால் அதைச் சக்ஷனில் போடக் கூடாது. காலியிடம் உறிஞ்சப்பட்டு இதயம் அந்தப் பக்கம் இழுபடும். பாட்டில் பாட்டிலாக குளுக்கோஸ் ஏற்றக் கூடாது. முன்பு இரண்டு பக்கமும் பிரிந்து ஓடிய ரத்தம் முழுவதும் இப்போது ஒரே நுரையீரலின் வழியாகப் போகிறது. நீர் அதிகமானால் அது கோத்துக்கொண்டு மூச்சுத் திணறும். இதய உறையைத் திறந்து செய்த அறுவையானால், மிக அரிதாக, அந்தத் திறப்பின் வழியே இதயமே வெளியே பிதுங்கிவிடக்கூடும். புரட்டிப் படுக்கவைக்கும்போது பி.பி. சட்டென்று விழுந்தால் அதை நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது, வெட்டிமூடிய மூச்சுக்குழாயின் நுனி திறந்துகொள்வது. வலது பக்கத்தில் இது அதிகம். இடது நுனி மகாதமனியின் வளைவுக்குக் கீழே ஒதுங்கிக்கொள்கிறது. வலது நுனிக்கு அந்தப் போர்வை கிடையாது, ரத்த ஓட்டமும் குறைவு. 'எந்தப் பக்கம்' என்ற கேள்வியின் கனம் இங்கேதான் எனக்கு முழுதாக உறைத்தது. காலியிடத்தில் வாரக்கணக்கில் மெல்ல நீர் ஊறி நிறையும். எக்ஸ்ரேயில் அந்த நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏற வேண்டும். ஏறிய மட்டம் இறங்கினால் நீர் எங்கோ வெளியேறுகிறது என்று அர்த்தம். எங்கே? திறந்துகொண்ட மூச்சுக்குழாய் வழியாக, மிஞ்சியிருக்கும் ஒரே நுரையீரலுக்குள்.

வலது நுரையீரல் முழுவதும் எடுக்கப்பட்ட ஓர் அண்ணன் இரண்டாம் வாரத்தில் நன்றாகத் தேறி நடமாடிக்கொண்டிருந்தார். ஒரு நைட் டியூட்டியில் அவர் இருமும் சத்தம் மாறியிருந்தது. இடப்பக்கமாகப் படுத்தால் இருமல் கூடுகிறது, கெட்டிச் சளி இல்லை, தண்ணியாக பழுப்பும் சிவப்புமாக வருகிறது என்றார். எத்தனையோ முறை சிஸ்டர் சொல்லியிருந்த அடையாளம் அது. டாக்டரைக் கூப்பிட ஓடும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது: அவரை நிமிர்த்தி, அறுவை செய்த வலப்பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடிப்பது. அப்போதுதான் காலியிடத்து நீர் நல்ல நுரையீரலுக்குள் வழியாது. சாய்த்துப் பிடித்துக்கொண்டே குரல் கொடுத்தேன். டியூட்டி டாக்டர் வந்து குழாய் போட்டார்; மறுநாள் மூச்சுக்குழாய்க்குள் காமிரா விட்டுப் பார்த்துச் சிறு திறப்பு என்று உறுதி செய்தார்கள். அவர் நீண்ட காலம் வார்டில் இருந்தார், இரண்டாம் அறுவைக்கு உட்பட்டார், பிழைத்தார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சில நிமிடங்களுக்கு நர்ஸ் மட்டுமே பக்கத்தில் இருப்பார் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

சிறியதாகத் தோன்றுபவை

இடது பக்க அறுவைக்குப் பின் குரல் கரகரத்தால், 'தொண்டையில் டியூப் வைத்ததால் இருக்கும்' என்று விட்டுவிடக் கூடாது. குரல்நாணுக்குப் போகும் இடது நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. அங்கே முடிச்சுகளை எடுக்கும்போது அடிபடலாம். குரல் போவதைவிட இருமலின் வலு போவது பெரிய விஷயம். தண்ணீர் குடிக்கும்போது புரையேறி நுரையீரலுக்குள் போகும். அப்படிப்பட்டவருக்கு முதல் வாய்த் தண்ணீரை நான் பக்கத்தில் நின்றுதான் கொடுப்பேன்.

வலது மேல் மடலை எடுத்தபின் நடு மடல் தன் காம்பில் முறுக்கிக்கொள்வதும் உண்டு. மிக அரிது. எக்ஸ்ரேயில் திடீரென்று ஒரு பகுதி வெளுத்து, காய்ச்சலும் ஏறினால் அது டாக்டர்களின் நினைவுக்கு வர வேண்டும்.

பிறகு, வீட்டுக்குக் கூடவே போகும் வலி. நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களில் கால்வாசிப் பேர் முதல் பாதிப் பேர் வரை மாதங்கள் கழிந்தும் தழும்பை ஒட்டி எரிச்சலும் மதமதப்பும் இருப்பதாகச் சொல்கிறார்கள். உள்பாடி அணிய முடியவில்லை என்று பெண்கள் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். அது நரம்பு வலி. அதற்கென்று தனி மருந்துகள் உண்டு. 'ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும்' என்று யாரும் அவர்களை அனுப்பிவிடக் கூடாது.

முன்கூட்டியே சொல்வது

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது என்பதால். 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம், புற்றுநோய்க்காக ஒருவரின் இடது நுரையீரலை ஒரே அமர்வில் முழுவதும் எடுத்தார். காலியிடத்தை மூட ஏழு விலா எலும்புகளையும் நீக்க வேண்டியிருந்தது. அந்த நோயாளியும் ஒரு மருத்துவர்தான். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அறுவை செய்த கிரஹாம் 1957இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

யாருக்குச் செய்யலாம் என்பதற்கு இன்று கணக்கு இருக்கிறது. இரண்டு நுரையீரல்களையும் 19 பகுதிகளாக எண்ணுகிறார்கள். ஊதும் சோதனையில் ஒருவருக்கு 80 சதவீதம் திறன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வலது மேல் மடலில் 3 பகுதிகள். எடுத்தால் 16 மிஞ்சும். திறன் சுமார் 67 சதவீதத்தில் நிற்கும். வலது பக்கம் முழுவதும் 10 பகுதிகள். எடுத்தால் சுமார் 38தான் மிஞ்சும். அறுபதுக்கு மேலென்றால் துணிந்து செய்யலாம். முப்பதுக்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். இடையில் நிற்பவர்களை நடக்கவைத்தும் படியேறவைத்தும் பார்க்கிறார்கள். நோயாளியோடு படியேறுவது பலமுறை என் வேலையாக இருந்திருக்கிறது. மூச்சு வாங்காமல் எத்தனை மாடி ஏறுகிறார் என்பதில் அறிக்கையில் இல்லாத பல சேதிகள் தெரியும்.

கன்சென்ட் தாளில் கையெழுத்து வாங்குவது டாக்டரின் பொறுப்பு. கையெழுத்துப் போட்ட பிறகு நோயாளி சந்தேகம் கேட்பது எங்களிடம். "உயிருக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்று கேட்பவரிடம் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். "சில பிரச்சினை வரலாம் ஐயா. எது எப்போ வரும்னு எங்களுக்குத் தெரியும். அந்தந்த நாள்ல அதைத்தான் பார்த்துக்கிட்டிருப்போம். நீங்க செய்ய வேண்டியதும் இருக்கு" என்று சொல்லி, இருமலையும் பந்தையும் நடையையும் காட்டிக்கொடுக்கிறேன். இப்படிச் சொன்ன பிறகு பயந்து பின்வாங்கியவர்களைவிட, தைரியமாகி ஒத்துழைத்தவர்களே அதிகம். மூன்றாம் நாள் படபடவென்று நெஞ்சு அடித்தால் 'நான் சாகப் போகிறேன்' என்று நினைக்காமல், 'சிஸ்டர், நீங்க சொன்னது வந்திருக்கு' என்று கூப்பிடுவார்கள். அந்த அழைப்பு சில மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டுக்குப் போகிறவர்களிடமும் குடும்பத்தாரிடமும் கடைசியாக இவற்றைச் சொல்கிறேன். காய்ச்சல் வந்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், சளியில் ரத்தமோ தண்ணியான பழுப்பு நீரோ வந்தால், காயத்தில் சீழ் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால், கழுத்து உப்பினால், பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நேரத்தைப் பார்க்காமல் எங்களிடம் வந்துவிடுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு, எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். இப்போது என்னிடம் கற்கவரும் இளம் நர்ஸ்களை இந்தப் பேச்சை நோயாளியின் முன்னால் தங்கள் வாயால் சொல்லவைக்கிறேன். ஆபத்தைப் பெயர் சொல்லி, நாள் சொல்லி, நோயாளிக்குப் புரியும்படி விளக்கத் தெரிந்த நர்ஸுக்கு அதை நேரில் கண்டாலும் அடையாளம் தெரியும்.